மிளகாய் ஏன் சுருங்குச்சு?

கண்ணு,

நீ அனுப்புன போட்டோவைப் பார்த்தேன். சர்க்கரை, வினிகர் பாகுல நீ போட்ட இனிப்பு மிளகாய் வத்தலாட்டம் சுருங்கிக் கெடக்குது. பாகு கெட்டியாகற வரைக்கும் மிளகாயை உள்ளயே விட்டிருப்பே. கெட்டிப் பாகு மிளகாய்ல இருக்கற தண்ணியை உறிஞ்சிப்போடும், சதை தோலாட்டம் ஆயிரும். மிளகாய்க்கு 4 நிமிசம், பாகுக்குத் தனியா 6 நிமிசம்னு பிரிச்சு வெச்சுக்கோ.

ஹலபீனோ கிடைச்சா அதுதான் சரி. மெக்சிகோ மிளகாய், சதை தடிமன், வேகறதைத் தாங்கும். இல்லீன்னா 400 கிராம் பஜ்ஜி மிளகாயோட 100 கிராம் சாதாப் பச்சை மிளகாய் சேர்த்துக்கோ. ஆனா பஜ்ஜி மிளகாய்க்குச் சதை மெல்லிசு, 2 நிமிசத்துல எடுத்துரோணும். காம்பு எடுத்துட்டுக் கால் அங்குல வட்டமா நறுக்கு. அதைவிட மெல்லிசா நறுக்குனா குழஞ்சிரும். நறுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெய் தடவிக்கோ. காரம் எண்ணெயிலதான் கரையும், வெறும் தண்ணியில போகாது. எரிஞ்சா எண்ணெய் தேய்ச்சுப் பொறவு சோப்புப் போடு.

அரைக் கிலோ மிளகாய்க்கு அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) 450 கிராம், வினிகர் 180 மில்லி, மஞ்சத்தூளும் மிளகாய்த்தூளும் கால் டீஸ்பூன், உப்பு கொஞ்சூண்டு. ஈரோட்டு மஞ்சள்னு கூடப் போட்டுராதே, கசக்கும். நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம். நிறம் கறுத்து, மிளகாய் வாசமே அமுங்கிப்போகும்.

வினிகர் பாட்டில்ல 5 சதவீதம்னு போட்டிருக்குதான்னு பாரு. நம்ம கடைகள்ல 4 சதவீதமும் விக்கறாங்க. எதுவா இருந்தாலும் தண்ணி சேர்க்காதே, கெடாமக் காக்கறதே அந்தப் புளிப்புதான். சர்க்கரை மறுபடி கல்லாகாம இருக்கறதும் அதனாலதான்.

சில்வர் பாத்திரம் பெருசா எடு, பாகு பொங்கும். அலுமினியத்தைப் புளிப்பு அரிச்சிரும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ, ஆவி மூக்குல ஏறுனா இருமித் தீராது. சர்க்கரை, வினிகர், தூளெல்லாம் கொதிச்சதும் 5 நிமிசம் சிறு தீயில விடு. மிளகாயைப் போட்டு, மறுபடி கொதி வந்ததுல இருந்து 4 நிமிசம் எண்ணு. பச்சை மங்கிப் பாசி நிறமாகும், அது புளிப்பு பட்ட நிறம், பயப்படாதே. ஜல்லிக்கரண்டியில அரிச்சு எடுத்து, வெந்நீர்ல கொதிக்கவெச்சு ஈரமில்லாம ஆறுன கண்ணாடி பாட்டில்ல போடு.

மிளகாய் விட்ட தண்ணியால இப்பப் பாகு நீர்த்திருக்கும். தீயைக் கூட்டி 6 நிமிசம் கொதிக்க விடு. அதிரசப் பாகாட்டம் உருட்டிப் பார்க்கற பதம் வேண்டாம். தட்டுல விட்ட சொட்டு ஆறுனபொறவும் மெதுவா ஓடோணும். ஆறுனா இன்னும் இறுகும். கெட்டியாயிட்டா ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுச் சூடு பண்ணு. மிளகாய் மூழ்கற மட்டும் சூடா ஊத்து. மேல நிக்கற துண்டுதான் முதல்ல பூஞ்சை பிடிக்கும்.

ஆறுனதும் ஃபிரிட்ஜுல வை. முதல் நாள் தின்னா வினிகரும் காரமும் தனித்தனியாத் தெரியும், ரெண்டு வாரம் பொறு. ஈரக் கரண்டி போடாதே. அரிசியும் பருப்பும் சாதத்துக்கு நெய் விட்டு, ரெண்டு துண்டு பக்கத்துல வெச்சுப் பாரு. மீதிப் பாகைக் கொட்டிராதே, வறுத்த கோழிக்குக் கடைசியா ஒரு கரண்டி ஊத்திப் பெரட்டலாம்.

அம்மா