சுருக்குப்பைக் கயிறு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக்டீரியாவின் செல் பிரிவு பற்றித் தங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் செல்லின் நடுவில் ஒரு புரத வளையம் தோன்றி, சுருக்குப்பைக் கயிறு போல இறுகிச் செல்லை இரண்டாக்குகிறது என்று எழுதி, முழு வட்டமாக ஒரு சிவப்புக் கோட்டையும் வரைந்திருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு வட்டம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அந்தப் புரதம் எஃப்டிஎஸ்இசட். ஈ.கோலை பாக்டீரியாவில் அது பிரியும் இடத்தில் வளையமாகத் திரள்கிறது என்பதை 1991-ல் பீ, லட்கன்ஹாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே காட்டினார்கள். பின்னர் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் ஒளி நுண்ணோக்கிகள் வந்தபோது, அந்த வளையம் ஒரே கயிறாக இல்லை. இடைவெளி விட்டுக் கிடக்கும் குட்டை இழைகளின் கூட்டம் என்று தெரிந்தது.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிச் சென்ற இடம்தான் உண்மையில் சுவையானது: இழை எப்படிக் கோக்கப்படுகிறது? ஒவ்வொரு புரத அலகும் சுமார் 4 நானோமீட்டர். அதன் ஒரு முகத்தில் ஒரு குழி. அதில் ஜிடிபி என்ற, ஆற்றல் தரும் சிறு மூலக்கூறு அமர்ந்திருக்கும். தனித்திருக்கும் அலகால் அந்த ஜிடிபியை வெட்ட இயலாது என்றே சொல்லலாம். அடுத்த அலகு வந்து ஒட்டும்போது அதன் எதிர்முகத்திலுள்ள ஒரு வளைவு இந்தக் குழிக்குள் புகுகிறது. அப்போதுதான் வெட்டும் கருவி முழுமையடைகிறது. ஜிடிபி வெட்டுப்பட்டதும் இணைப்பு தளர்கிறது, அலகு கழன்றுவிடுகிறது. அதாவது, பிரிவதற்கான ஏற்பாடு சேரும் செயலிலேயே இருக்கிறது. நம் செல்களில் நுண்குழல்கள் என்ற சட்டகக் குழாய்களைக் கட்டும் டியூபுலின் புரதமும் இதே வகையில்தான் இயங்குகிறது. இரண்டின் முப்பரிமாண வடிவமும் உறவு சொல்கிறது என்பது 1998-லேயே வெளிவந்துவிட்டது.

இழையின் ஒரு முனையில் அலகுகள் சேர, மறுமுனையில் கழன்றுகொண்டே இருப்பதால் இழை முழுவதும் சவ்வின் உட்பக்கத்தைச் சுற்றி ஊர்வதுபோல் தெரியும். அலகுகளோ இருந்த இடத்திலேயே இருக்கும். உயிருள்ள ஈ.கோலையிலும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவிலும் இதைக் கண்ட இரண்டு ஆய்வுகள் 2017-ல் வெளிவந்தன. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 நானோமீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழு அலகுகள் ஒரு பக்கம் சேர்ந்து, ஏழு மறுபக்கம் விலக வேண்டும். செல்சுவரைக் கட்டும் நொதிகளும் இந்த ஓட்டத்தோடு சுற்றி வருகின்றன. பேசில்லஸில் இழையின் ஓட்டத்தைக் குறைத்தால் செல் குறுகும் வேகமும் குறைந்தது. ஈ.கோலையில் அப்படிக் குறையவில்லை. சுவரின் ஒழுங்கு மட்டும் கெட்டது. ஒரே வாக்கியத்தில் எல்லாப் பாக்டீரியாவையும் அடக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2008-ல், சவ்வில் ஒட்டும்படி மாற்றப்பட்ட எஃப்டிஎஸ்இசட்டை கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்தபோது, வேறு எந்தப் பிரிவுப் புரதமும் இல்லாமலே வளையங்கள் தோன்றிக் குமிழைச் சற்று இறுக்கின. ஆகவே இழைகளுக்கு இழுவிசையே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லிய குமிழ் வேறு, உள்ளிருந்து அழுத்தம் தள்ளும் சுவருடைய செல் வேறு. செல்லைக் குறுக்குவதில் உள்நோக்கி வளரும் சுவருக்கே பெரும்பங்கு என்பது என் கருத்து.

கடைசிப் பத்தியில், இழை உருவாவதைத் தடுத்தால் புதிய மருந்து கிடைக்கும் என்றிருக்கிறீர்கள். தடுப்பது ஒரு வழிதான். டிஎன்ஏ சிதைந்தால் ஈ.கோலையே சூல்ஏ என்ற புரதத்தை உண்டாக்கி அப்படித்தான் பிரிவை நிறுத்தி வைக்கிறது. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமிக்கு எதிராக 2008-ல் அறிவிக்கப்பட்ட பிசி190723 என்ற சேர்மம் இழைகளைக் கலைப்பதில்லை, கலையவிடாமல் உறையவைக்கிறது. அலகு கழல முடியாவிட்டாலும் செல் பிரிய முடியாது.

அடுத்த முறை படம் வரையும் ஓவியரிடம் முழு வட்டத்துக்குப் பதில் சில குட்டை இழைகளைக் கேட்டு வாங்குங்கள். எதிரெதிர்த் திசைகளில் சுற்றுவதால் அம்புக்குறிகளையும் இரு பக்கமாக இடச் சொல்லுங்கள். இலைகளின் பசுங்கணிகங்கள் பிரிவதிலும் இதே புரதக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்