ஏரிக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறவர்களுக்கு

கொடைக்கானல் ஏரிக்கரை விடுதி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கொடைக்கானல் போய்வந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

டிசம்பர் குளிரில் வயதான அம்மாவை அழைத்து வந்திருந்தோம். ‘லேக் வியூ’ அறை என்று சாதாரண அறையைவிட 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். திரையை விலக்கினால் எதிரே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஒரு தகரக் கூரை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு ஏரி தெரிந்தது. கேட்டதற்கு, “வியூ மொட்டை மாடியில இருக்கு சார்” என்று பதில். மொட்டை மாடிக் கதவை ராத்திரி பூட்டிவிடுவார்களாம்.

சரி, காட்சி போகட்டும். கம்பளிக்கு வருகிறேன். கையில் எடுத்ததுமே சில்லென்று ஈரம், உதறினால் பூஞ்சை வாடை. ஏழாயிரம் அடி உயரத்தில், தண்ணீர் ஓரத்தில், பனிக்காலத்தில் துணி லேசில் காயாது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஹீட்டருக்குத் தனி வாடகை. அதையும் கொடுத்தோம். ஹீட்டரும் கெய்சரும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடுகிறது. அம்மாவுக்கு வெந்நீரா, கணகணப்பா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் ரிசப்ஷனில் இருந்த தம்பி, தான் போர்த்தியிருந்த போர்வையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அந்த விடுதியில் காய்ந்திருந்த ஒரே போர்வை அதுதான் போலிருக்கிறது.

மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது நல்ல விஷயம். ஆனால் அப்படியானால் குடிதண்ணீர் உங்கள் பொறுப்பு அல்லவா? நடையில் இருந்த சுத்திகரிப்பு இயந்திரத்தின் மேல் ‘ரிப்பேர்’ என்று ஒட்டியிருந்த காகிதமே பழுப்பேறிக் கிடந்தது.

ஏரியை 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கினார். சுற்றியிருக்கும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம். மூடுபனிக்கும் கட்டணம் கிடையாது. உங்கள் கையில் இருப்பது நாலு சுவரும் ஒரு கட்டிலும்தான். அதற்குத்தான் நாங்கள் பணம் தருகிறோம். ஏரி அழகாக இருக்கிற வரைக்கும் கட்டிலை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற தைரியம் உங்களில் பலருக்கு வந்துவிட்டது. 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் மலை ஏறுகிறோம். வருகிறவர்களை எண்ணுகிறார்கள், தங்கும் அறையை எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அறை எண்ணோடு, அந்த அறையின் ஜன்னலிலிருந்தே எடுத்த படத்தைப் போடுங்கள். வெந்நீர் நேரம், ஹீட்டர் வாடகை எல்லாவற்றையும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், கம்பளி உலர்த்த கணப்புள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். ஒரு சீசன் வருமானத்தில் முடிகிற வேலைதான்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்கிறார் அம்மா. அறையை மட்டும் ஏரிப் பக்கம் போடாதே என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாடகையை முழுதாகக் கட்டிவிட்டு வந்த ஒருவன்