படத்தில் இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி வெளியான படத்தொகுப்பைப் பார்த்தேன். தேர்ந்த கை எடுத்த படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எடுத்தவரின் பெயர் இருக்க, படத்தில் இருப்பவரோ ‘சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி’, ‘குழந்தையுடன் ஒரு பெண்’ என்பதோடு நின்றுவிட்டார். ஓர் அமைச்சரின் படத்தை இப்படி அச்சிடுவீர்களா?

இது பழைய குறைதான். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங்கே எடுத்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவேயில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் ஒன்பது டன்) எடையுள்ள உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போய்விட்டது. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை, அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றார் அவர். (அரசு ஊழியராக இருந்து எடுத்ததால் லாங்கேவுக்கும் உரிமத்தொகை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1983இல் தாம்ப்சன் நோயுற்றபோது பிள்ளைகள் பத்திரிகை வழியே உதவி கேட்க, 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அவருக்கென்று பொதுமக்கள் பணம் அனுப்பியது, பெயர் தெரிந்த பிறகுதான்.

அதற்கும் முன்பே, 1908 முதல், அமெரிக்கப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் வேறு வழியில் சென்றார். தம் கோட்டுப் பொத்தான்களைக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணித்து, பெயர், வயது, வேலை, ஊர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். குழந்தைத் தொழிலுக்கு எதிராக வாதாடியவர்களுக்கு அவருடைய படங்கள் சான்றாகப் பயன்பட்டதற்கு அந்தக் குறிப்புகளும் காரணம்.

எல்லோரும் பெயரை வெளியிட விரும்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. டில்லியில் திருநங்கை மோனா அகமதுவைப் படமெடுத்த தயானிதா சிங், படம் லண்டன் பத்திரிகையில் வரும் என்று அறிந்து மோனா மறுத்ததும் படச்சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் வளர்ந்த நட்பில் பிறந்த புத்தகம் 2001இல் வெளிவந்தது. அதில் மோனா தம் கதையைத் தாமே சொன்னார். நம் மாநிலத்திலும், தூய்மைத் தொழிலாளர்களின் வாழ்வையும் மரணங்களையும் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவரும் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், அவர்களுடைய பிள்ளைகளுக்கே கேமராவைக் கற்றுக்கொடுக்கிறார்.

எனவே, இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, எடுக்கப்பட்டவரின் இசைவைக் கேட்டு, அவர் ஒப்பினால் பெயரையும் கூலியையும், பெயர் சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் அஞ்சினால் இடத்தையும் நாளையுமாவது அச்சிடுமாறு வேண்டுகிறேன். பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதால், அவரை இறக்கிய நிர்வாகம் எது, ஒப்பந்ததாரர் யார் என்பதும் விசாரித்து எழுதப்பட வேண்டும். வெளியான இதழின் ஒரு பிரதியையும் அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.