அவளைத் திட்டாதே

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளைக்குத் தூங்கு. போன் அடித்தால் எடு.

சனிக்கிழமை மாலை அந்தக் குயர் குறும்படத் திரையிடலுக்கு, அதுதான் தன்பாலீர்ப்பாளர், திருநர் கதைகளைச் சொல்லும் படங்களுக்கு, போயிருந்தேன். யார் சொன்னார்கள் என்று உனக்கே தெரியும், அவளைத் திட்டாதே. நீ சொல்லியிருக்கலாம். 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிமில் எடுத்த படங்களை வைத்து இப்படியொரு விழா தொடங்கிய கதையை முதலில் சொன்னார்கள். இப்போதும் கைக்காசில்தான் எடுக்கிறார்களாம். ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடம் வரை குறும்படம். இங்கே பத்து நிமிடத்தைத் தாண்டியவையே குறைவு. அதிலும் ஒன்றில் வசனம் காதில் விழவில்லை, இன்னொன்று ஒரே இருட்டு.

அந்தப் பெண்ணின் படம்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள். ஒரு தடவை சிரித்துக்கொண்டே, ஒரு தடவை கோபமாக. கடைசியில் போனை எடுத்து, "சாப்பிட்டேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாள். அங்கே வெட்டாமல் அவள் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ‘படத்தொகுப்பு’ என்று உன் பெயர் வந்தது! பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே, என் பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எல்லாப் படத்திலும் அம்மாக்கள் ஒன்று அழுகிறார்கள், இல்லையென்றால் கதவைச் சாத்துகிறார்கள். உங்களுக்கு வேறு அம்மாவே கிடைக்கவில்லையா? நீயும் போனில் சாப்பிட்டேன் என்பதோடு முடித்துக்கொள்கிறாய். நான் என்ன, அதை மட்டுமா கேட்கிறேன்?

சரி, அது போகட்டும். பெர்லின் திரைப்பட விழாவில் 1987 முதல் குயர் படங்களுக்கென்றே டெடி விருது தருகிறார்களாம், குறும்படத்துக்கும் உண்டாம். உங்கள் படத்தை அனுப்பினீர்களா? எதையும் கடைசி நாள்வரை இழுப்பவன் நீ. மாடி அறை விஷயத்தில் பார்த்தோமே.

நன்றி சொன்ன பட்டியலில் முதலில் வந்த பெயர் யாருடையது என்று நான் கேட்கவில்லை. நல்ல பெயர். அந்தப் பிள்ளையாவது வேளைக்குத் தூங்குகிறதா? இரண்டு பேரும் தூங்குங்கள்.

அடுத்த திரையிடல் எப்போது என்று நீயே சொல். அப்பாவும் வருகிறேன் என்கிறார். அவருக்கு ஓரத்து இருக்கையாகப் பார்த்து வை, காலை நீட்ட வேண்டும்.

அம்மா