ஊருணிக்கரை ஊசித்தட்டான்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு. தைப்பூசத்தன்று அனுப்பிய போட்டோவை நீ பார்த்துவிட்டதாக ரெண்டு நீல டிக் காட்டுகிறது. பதில்தான் இல்லை. முன்பெல்லாம் தட்டான் படம் என்றால் நடுராத்திரியிலும் பதில் வரும். சரி, வேலை இருக்கும்.

அதனால் நானே இனம் பார்த்துவிட்டேன். சேதுக்கரை போகிற வழியில் நம் ஊருணி, கீழ்க்கரைக் கோரையில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருந்தது. இறக்கையை முதுகுக்கு மேல் சேர்த்து மடக்கியிருந்தது, கண் ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. ஆக, ஊசித்தட்டான். மார்பு பச்சை, அதில் கறுப்புப் பட்டை. வயிற்றின் மேல்பக்கம் கறுப்பு. நீ சொன்ன மாதிரி வாலிலிருந்து எண்ணினேன். பத்து, ஒன்பது, எட்டு. எட்டாம் கணு பளிச்சென்று நீலம். இஷ்னுரா செனெகலென்சிஸ், ஆண். வயிறு மஞ்சளாகி நுனி மட்டும் நீலமென்றால்தானே இஷ்னுராவிலேயே இன்னோர் இனமான ரூபிலியோ?

பக்கத்திலேயே ஆரஞ்சு மார்போடு இன்னொன்று. அது வேறு இனம் என்று உன் சித்தப்பா அடித்துச் சொல்கிறான். இதே இனத்தின் இளம் பெண் என்கிறேன் நான். பெண்ணிலேயே ஆண் நிறத்தில் இருப்பதும் உண்டு என்று நீ சொல்லித்தானே தெரியும். இந்த ஊரில் வேறு எந்த அப்பனுக்குத் தெரியும்?

பங்குனி பிறந்தால் தண்ணீர் வற்றி உவர்ப்பேறிவிடும். மாடுகூட வாய் வைக்காது. இந்த ஊசித்தட்டான் கொஞ்சம் உவர் தாங்கும். ஆனால் முட்டையைச் செடித் தண்டுக்குள் குத்தித்தான் வைக்கும். சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம் என்று கோரையையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள் என்று கிராமசபையில் சொன்னேன். சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் வாயடைத்திருப்பார்கள்.

பெரியத்தை மகன் கோயம்புத்தூர் வந்தபோது விடுதியில் உன்னைத் தேடினானாம். அறையைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்களாம். நான் எதுவும் கேட்கவில்லை. உன் ஆராய்ச்சி கைடு ஏதும் சொன்னாரா? கேட்கவில்லை என்றேன் அல்லவா, விடு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எங்கே தங்கியிருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயில் ஓட்டாதே. பணம் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும், காரணம் எழுத வேண்டாம்.

சித்தப்பாவோடு நூறு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறேன். அந்த ஆரஞ்சு என்ன என்று நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் தோற்றாலும் பரவாயில்லை, பதில் போடு.

அப்பா