உலைக் கொயிலை மாற்றும் முன் காந்தத்தைக் கையில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுயதொழில் பற்றி உங்கள் வாரப் பதிப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். தோட்டத்து இளைஞர்கள் கத்தி, கோடரி செய்யும் தொழிலில் இறங்கலாம், மின்சார உலை ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது என்று எழுதியிருந்தது. நல்ல யோசனைதான். மீதிப் பாதியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மச்சான் தலவாக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். லொறி ஸ்பிரிங் பட்டையில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி செய்வது அவர் தொழில். கரி உலை மட்டும் இருந்த காலத்தில், கம்பியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று எப்போதும் பக்கத்தில் தொங்கும். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் முக்குவார். கை தேர்ந்தவர்தான், ஆனாலும் கரிச்சூடு ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். முனை வெடிக்கும், இல்லாவிட்டால் பதம் ஏறாது. அதனால்தான் பாவித்த மின் உலை ஒன்றை வாங்கினோம்.

வெள்ளைச் செங்கல் பெட்டி. இரண்டு பக்கச் சுவரிலும் காடி வெட்டி ஆளுக்கொரு கொயில், அதாவது சூடேறும் கம்பிச்சுருள். ஒவ்வொன்றின் மின்தடையும் 44 ஓம், சமாந்தரமாக இணைத்திருப்பதால் முனையில் அளந்தால் 22. 230 வோல்ட்டுக்குப் பத்தரை அம்பியர், 2.4 கிலோவாட். இந்த 22 என்ற எண்ணை வாங்கிய அன்றே உலையின் முதுகில் பெயின்டால் எழுதி வைத்தேன். மச்சான் சிரித்தார்.

ஒரு நாள் உலை 600 பாகைக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. கத்திக்கு 830 வேண்டும். நான் ஊரில் இல்லை. வந்து பார்த்த மின்வேலை பாஸ் (மேஸ்திரி), 'எலிமென்ட் போச்சு, இரண்டையும் மாற்றுவோம்' என்று புதுசு போட்டுவிட்டுப் போனார். உலை முன்னைவிட வேகமாக ஏறியது. மச்சானுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அந்த வேகம் பிடிக்கவில்லை. ஆனால் புதுக் கொயில்தானே என்று அளந்து பார்க்காமல் விட்டேன். அது என் பிழை.

இரண்டு மாதத்தில் மறுபடி 600. 'மச்சான், திரும்பவும் கொயில் போச்சு' என்று போன் வந்தது. மீட்டரோடு போனேன். பிளக்கைக் கழற்றி, கொயில் முனைகளில் வைத்தால் 33 காட்டியது. (ஒரு யாழ்ப்பாணத்து நண்பரிடம் 'எத்தனை ஓம்?' என்று கேட்டு 'ஓம், ஓம்' என்று பதில் வாங்கியது வேறு கதை.) பின்தகட்டைத் திறந்தேன். இரண்டு கொயிலும் முழுசாக இருந்தன. வலப்பக்கக் கொயிலின் வால் வெளியே வந்து செப்பு வயரோடு சேரும் இடத்தில், பித்தளை ஸ்குரூ கருகி, நான் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வயரின் பிளாஸ்டிக் உறை ஒரு சாண் தூரத்துக்கு இளகியிருந்தது. பிளக்கின் ஒரு பின் பழுப்பு நிறம்.

அந்த ஸ்குரூ ஏன் கருகியது? மச்சானின் காந்தத்தை வாங்கிப் புதுக் கொயிலில் வைத்தேன். ஒட்டவில்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய கொயிலில் வைத்தேன், பிடித்துக்கொண்டது. பழையது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கம்பி, காந்தல் என்பார்கள். சுவீடன் பெயர், நம் வீட்டில் அடிப்பிடித்த சோற்றுக்கும் அதே பெயர். பாஸ் போட்டது நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கம்பி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிக்ரோம் கெட்ட கம்பி என்று சொல்லமாட்டேன், 830 பாகையை அது நன்றாகவே தாங்கும். ஆனால் அதே தடிப்பு, அதே நீளம் போட்டால் 44 ஓம் இருந்த இடத்தில் 33தான் வரும். ஒரு கொயில் கழன்றிருந்ததால் மீட்டரில் நான் பார்த்ததும் அதைத்தான். இரண்டும் சேர்ந்தால் பதினாறரை. கணக்குப் போடுங்கள்: 14 அம்பியர், 13 அம்பியர் பிளக்கில். உலை வேகமாக ஏறியதும், ஸ்குரூ கருகியதும் அதனால்தான்.

முதல் கொயில் ஏன் அறுந்தது என்பதற்கும் பழைய கம்பியே பதில் சொன்னது. அறுந்த இடத்தில் பச்சையாக, கண்ணாடித் துளி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. வெண்காரம். கத்தியில் செதில் பிடிக்காமலிருக்க மச்சான் வெண்காரம் பூசி வைப்பார். அது உருகிக் கொயிலில் சொட்டியிருக்கிறது. காந்தல் கம்பி சூடேறும்போது அதிலுள்ள அலுமினியம் மேற்பரப்பில் ஒரு தோலாகப் படியும். கம்பியைக் காப்பது அந்தத் தோல்தான், வெண்காரம் அதைத்தான் தின்னும். இப்போது அவர் கத்தியைத் தட்டில் வைத்துத்தான் உள்ளே விடுகிறார்.

மறுபடி காந்தல் வாங்கிப் போட்டோம். செங்கலுக்குள்ளே கம்பி தனியாக ஓடாமல், வாலை இரட்டையாக முறுக்கி வெளியே எடுத்தேன், அந்த இடம் சூடு குறைவாக இருக்கும். சேர்மானத்துக்குத் துருப்பிடிக்காத போல்ட், வொஷர், கண்ணாடி நூல் உறை போட்ட வயர். முதலில் வெறும் உலையை 1050 பாகைக்கு ஏற்றிச் சில மணி நேரம் வைத்து, ஆறியதும் போல்ட்டுகளை இன்னொரு தரம் இறுக்கினேன். ஒருமுறை சூடான காந்தலைக் குளிர்ந்த பிறகு வளைக்காதீர்கள், பிஸ்கட் மாதிரி முறியும்.

இன்னும் இரண்டு விஷயம். மழைக்காலத்தில் உலையை இரண்டு வாரம் சும்மா விட்டால் செங்கல் ஈரம் குடிக்கும், போட்ட உடனே மின்கசிவால் ட்ரிப் சுவிட்ச் விழும். அதைக் கொயில் பழுது என்று நினைத்து ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். பழைய 60 வாட் குண்டு பல்பை ஒரு இரவு உள்ளே எரியவிட்டால் போதும். அடுத்தது, கதவைத் திறந்து இடுக்கியை விடும்முன் மின்சாரம் நின்றாக வேண்டும். கம்பி சிவக்காமல் கறுப்பாக இருந்தாலும் அதில் கரண்ட் இருக்கலாம். கதவில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன், ஆனாலும் பிளக்கைத்தான் நம்புகிறேன்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொயில் விற்கும்போது என்ன கம்பி, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஓம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கட்டுரை எழுதியவரும் அடுத்த முறை மீட்டர் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்க்கட்டும். உலை விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அவர் இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்கும் வரட்டும், உலை ஓடுவதைக் காட்டுகிறோம். மாலை ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம். 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் 'மேல் கொத்மலை' அணை எங்கள் ஊரில்தான் நிற்கிறது, ஆனாலும் நாங்கள் மின் லைனின் கடைசி வீடு. எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போடும் நேரத்தில் 190 வோல்ட்தான் வரும், உலையின் வலுவில் மூன்றிலொரு பங்கு போய்விடும். அந்த நேரத்தில் கொயிலில் பழுது தேடி மச்சான் இரண்டு தரம் உலையைப் பிரித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் எலக்ட்ரீஷியன்,
தலவாக்கலை.