பினாங்கு வானியல் வட்டம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஈர்ப்பலைகளை (கனமான விண்பொருள்கள் மோதும்போது வெளியெங்கும் பரவும் மெல்லிய அதிர்வுகளை) உணரும் கருவிகளின் அடுத்த தலைமுறையைப் பற்றியே நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அதிகம் அலசப்பட்டது 2017 ஆகஸ்டு 17. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (மிக அடர்ந்த விண்மீன் எச்சங்கள்) மோதிய ஈர்ப்பலை அன்றிரவு மலேசிய நேரம் 8.41க்குப் பூமியைக் கடந்தது. மோதல் நடந்த என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரள் அப்போது பினாங்கின் மேற்கு வானில் சுமார் 26 பாகை உயரத்தில் இருந்தது. எங்கே தேடுவது என்ற வான் வரைபடம் வந்ததோ பின்னிரவு 2 மணி வாக்கில். திரள் பத்தே முக்காலுக்குள் மறைந்துவிட்டது. ஒளியை முதலில் கண்டது சிலியிலுள்ள தொலைநோக்கி.

விண்மீன்கள் நெருங்க நெருங்க அலையின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை துடிப்பு, அதாவது ஹெர்ட்ஸ்) ஏறும். அந்த அலையை அமெரிக்காவின் ஈர்ப்பலைக் கருவியான லைகோ ஏறத்தாழ 24 ஹெர்ட்ஸிலிருந்துதான் பிடித்தது. அங்கிருந்து மோதலுக்கு 100 நொடிதான். 5 ஹெர்ட்ஸிலேயே பிடித்திருந்தால் சுமார் 1 மணி 50 நிமிடம் கிடைத்திருக்கும். (அத்தனையும் முன்னறிவிப்பாகாது, குறிகை போதிய அளவு சேரும்வரை காத்திருக்க வேண்டும்.)

10 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடை, தரைதான். இக்கருவிகளில் லேசர் கற்றை நீண்ட இரு கைகளில் சென்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும், ஈர்ப்பலை கடந்தால் கைகளின் நீளம் இம்மியளவு மாறும். லைகோவின் 40 கிலோ கண்ணாடிகள் நான்கடுக்கு ஊசலில் தொங்குவதால் அதிர்வு வடிகட்டப்படுகிறது. ஆனால் நில அலை செல்லும்போது மண்ணின் அடர்த்தியே மாறி, அதன் ஈர்ப்பு கண்ணாடியை நேரே இழுக்கிறது. இதை எந்த ஊசலும் தடுக்காது. ஆகவேதான் ஐரோப்பாவின் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி என்ற ஈர்ப்பலைக் கருவியை 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில் அமைக்கத் திட்டமிடுகிறார்கள். 10 கி.மீ. பக்கமுள்ள முக்கோணமா, 15 கி.மீ. கைகளுள்ள இரண்டு எல் வடிவங்களா என்பதே விவாதம். அமெரிக்காவின் காஸ்மிக் எக்ஸ்புளோரர் என்ற கருவித் திட்டம் தரைமேலேயே 40 கி.மீ. கைகளை நீட்ட எண்ணுகிறது. ஒளிக்கற்றை நேர்கோடு, பூமி வளைவு. எனவே முனைகளை இணைக்கும் கோடு நடுவில் 31 மீட்டர் புதையும். சற்றே கிண்ணம்போல் குழிந்த நிலம் தேடவேண்டியிருப்பது இதனால்தான். முன்கூட்டியே எச்சரிக்கை பெறும் நம் தேவைக்கு ஆழமே மேல் என்பது செயலவையின் கருத்து. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரும் லைகோ-இந்தியா தாழ்ந்த அதிர்வெண்ணைக் கூட்டித் தராது, திசையைத் துல்லியமாக்கும்.

பினாங்கில் ஒன்று அமையுமா என்று கேட்டார்கள். சுற்றிலும் கடல், பாலத்தில் லோரிகள், நிலம் ஓயாமல் அதிரும். வாய்ப்பில்லை.

பள்ளிக் கண்காட்சிக்கான மைக்கேல்சன் மாதிரி (லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் கருவி) முதலில் சொதப்பியது. குளியலறைக் கண்ணாடியின் முன்பரப்பும் ஒளியைத் திருப்பியதால், சேர்ந்த ஒளியில் தோன்றும் ஒளி-இருள் பட்டைகள் இரட்டித்தன. முன்பரப்புப் பூச்சுள்ள கண்ணாடி போட்டதும் சரியானது. மின்விசிறிக் காற்றில் பட்டைகள் ஓடின. 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசரில் கண்ணாடி 316 நானோமீட்டர் அசைந்தாலே ஒரு பட்டை முழுதாக நகர்ந்துவிடும். பாதி காற்றடித்த மோட்டார்சைக்கிள் டியூப்மேல் கருங்கல் பலகை, மேலே அக்ரிலிக் மூடி என்று வைத்தபின் நின்றன.

வட அட்சம் 5 பாகையில் இருப்பதால் இரு அரைக்கோள வானமும் நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எச்சரிக்கை வந்த அரை மணிக்குள் தொலைநோக்கியைத் திருப்பப் பழக வேண்டும். மாதிரிக்கு மின்விசிறியை நிறுத்திவைக்கக்கூடிய ஓர் அறையும் தேவை. தெரிந்தவர்கள் செயலவையிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்